மூன்றரை அடி

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏற்ற வீடு எப்படிக் கட்டுவது என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசும் இன்ஜினியர், ஒருவழியாகச் சொந்த அக்காவுக்கும் ஒன்று கட்டி முடித்திருந்தார். அன்று சாவி கொடுக்கும் நாள்.

விபத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக அக்காவை யாராவது தள்ளிக்கொண்டுதான் போனார்கள். அவள் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தோட்டத்துக்கு அவளாகப் போய்வர வேண்டும், யாரையும் கூப்பிடக் கூடாது.

வாசலில் படி இல்லை. சமையல் மேடைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் இருந்தது. இனிமேல் பாத்திரம் கழுவாமல் தப்பிக்க வழியில்லை என்று அக்கா அலுத்துக்கொண்டாள். இன்ஜினியருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பின்கதவைத் தாண்டி, சாய்தளத்தில் அவளே சக்கரத்தைப் பிடித்து இறங்கினாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் செடிப் பாத்திகள். பாதை இடது பக்கம் திரும்பும் இடத்தில், கால் வைக்கும் தகடு பாத்திச் சுவரில் முட்டியது. பின்னால் போனாள், சக்கரம் உரசியது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே. சந்துக்குள் லாரியைத் திருப்புகிற கதைதான்.

"தள்ளிவிடவா அக்கா?"

"தள்ளிவிட ஆள் வேணும்னா பழைய வீட்டுக்கு என்னடா குறைச்சல்?"

இன்ஜினியரின் வாய் அவரை முந்திக்கொண்டது. பாதை போட்ட கொத்தனார் அளவைத் தப்பாக வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டார். கொத்தனார் பக்கத்திலேயேதான் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து, வியர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல் வைக்குமுன் அக்காவை ஒருதடவை கூட்டிவந்து பார்த்துவிடலாமே என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னதும், 'எனக்கே பாடமா' என்று இன்ஜினியர் சிரித்ததும் அங்கிருந்த மூவரில் இருவருக்குத் தெரியும்.

அக்கா கொத்தனாரைப் பார்த்தாள். பிறகு தம்பியின் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் அது சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

"திருப்பத்துக்கு எத்தனை அடிடா போட்டே?"

"மூணரை. அஞ்சு வேணும். மேடையில அஞ்சுன்னுதான் பேசுவேன். இன்னொரு பாத்தி வந்தா அழகா இருக்குமேன்னு நான்தான் குறைச்சேன். ஆபீஸ்ல என் உருட்டு நாற்காலியில உட்கார்ந்து பார்த்தேன், திரும்புச்சு. இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"காலைத் தூக்கிக்கிட்டுப் பம்பரமா சுத்தியிருப்பே."

"ஆமா."

இரண்டு சுற்று கூடுதலாகவே சுற்றியிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். கொத்தனார் அதற்காகக் காத்திருக்கவில்லை. நூலையும் சாக்குக்கட்டியையும் எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எதுவரைக்கும் உடைக்கணும்மா?" என்று அக்காவைக் கேட்டார். அவள் நாற்காலியை முடிந்த மட்டும் திருப்பி, கைநீட்டி இடம் காட்டினாள். கோடு அந்த அழகான பாத்தியின் நடுவயிற்றில் போனது.

நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. இன்ஜினியர் மண்ணில் மண்டியிட்டு, யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இழுத்துப் பிடிங்க சார்," என்றார் கொத்தனார், எப்போதும் போன்ற மரியாதையோடு. அந்த 'சார்' நன்றாகவே சுட்டது.