எங்களுக்குக் கேக்காது

எங்கள் ஃபுட்பால் ரசிகர் கூட்டத்துக்குச் செவிட்டுப் பட்டாளம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த மனுஷனைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

உக்கடம் ரோவர்ஸ் என்று எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். என் கல்யாணத்துக்கு முந்தி ஒரு மேட்ச்சில் சூலூர்க்காரர்களிடம் நாலு கோல் வாங்கினோம். ரெஃப்ரி கடைசி விசில் ஊதி, ஆடினவர்களே பூட்ஸைக் கழற்றிக்கொண்டு கிளம்பிய பிறகும் எங்கள் ஆட்கள் கேலரியில் நின்று டிரம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "செவிட்டுப் பயலுகளா, மேட்ச் முடிஞ்சுபோச்சுடா" என்று சூலூர்க்காரர்கள் கத்தினார்கள். வேறு ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். பிறகு என்னைக் கட்டிக்கொண்ட ரைஹான் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "எங்களுக்குக் கேக்காது!" என்று திருப்பிக் கத்தினார். அடுத்த மேட்ச்சுக்குத் தன் ஃப்ளெக்ஸ் கடையிலேயே 'செவிட்டுப் பட்டாளம்' என்று ஆள் உயரத்துக்குப் பேனர் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

அன்றிலிருந்து கோல் விழுந்தாலும், ரெஃப்ரி கார்டு காட்டினாலும், மழை வந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு அதே கூப்பாடுதான். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்தத் திமிரில்தான் அவரை எனக்குப் பிடித்தது.

எங்கள் மகள் ரிஃபானாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இன்னும் "அத்தா" இல்லை, "அம்மா" இல்லை. குக்கர் விசிலுக்குத் திரும்பமாட்டாள். கதவைப் படீரென்று சாத்தினாலும் பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அவளைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைக்கலாம், பிறகு பொறுமையாகப் பழக்கினால் பேச்சு வரும், ஆனால் நாள் போகப் போகக் கஷ்டம் என்றும் சொன்னார்.

"மெஷினு கோளாறு" என்றார் ரைஹான்.

அவர் அம்மா சாஜிதா பேகம் ஒரு படி மேலே போனார். "இவனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். எங்கூட்டுல எல்லாமே லேட்டுதான் கண்ணு." மாமியின் வாய் மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் திறந்ததோ, எனக்குத் தெரியாது.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். பேசாமல் இருந்தேன். நேர்ச்சை வைத்தேன். நான் மட்டும் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் அழுதேன். "வருஷக்கணக்கில ரெண்டு பேரும் சேந்து பழக்க வேண்டிய விஷயம்மா, அவரும் வந்து சரின்னு சொல்லட்டும்" என்று அனுப்பிவிட்டார். நாட்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. யார் தலையைப் பிய்த்துக்கொண்டால் அதுகளுக்கு என்ன?

அவரோ வேறு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். மேட்ச்சுக்குப் போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிப் போய்ப் பெரிய டிரம்முக்கு எதிரே உட்கார வைப்பார். அவள் பார்க்கப் பார்க்கக் குச்சியை ஓங்கி ஒரே அடி. அவள் கண்ணைச் சிமிட்டுவாள்.

"பாத்தியா சமீ, திடுக்குன்னு ஆச்சு பாத்தியா? கேக்குது!"

"முகத்துக்கு நேரா குச்சிய ஓங்குனா எந்தக் கொழந்தைதானுங்க சிமிட்டாது?"

"உனக்கு நல்லதே கண்ணுல படாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் பெயரை மாற்றும் பேச்சு வந்தது. லீக் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு காலை, பிராக்டீஸ் முடிந்த மைதானத்தில் கேலரி நிழலில் கூடியிருந்தோம். எங்கள் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மதிவதனி, காலேஜ் படிக்கிற பெண், மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒருத்தரு மெசேஜ் போட்டிருக்காருங்கண்ணா. அவரு தம்பிக்குக் காது கேக்காதாம். ரோவர்ஸ்னா அந்தப் பையனுக்கு உசுராம். ஆசையா மேட்ச்சுக்கு வந்தவன் நம்ம பேனரைப் பாத்துப்போட்டு கிரவுண்டு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டானாம். பேரை மாத்திரலாமுங்களா?"

ஒரே கசமுசா. பட்டாளத்தின் தலைவர் சாமுவேல் அண்ணன், மதுக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், கையைத் தட்டி அடக்கினார். "பேரைச் சொன்னாத்தான ஊருக்கே நம்மளத் தெரியும்? சரி, மாத்துனா என்னன்னு வெக்கறது?"

யாரோ சிங்கம் என்றார்கள். யாரோ புலி.

"நாலு கோலு வாங்கறதுக்கு எதுக்குங்க சிங்கம்? சிங்கத்துக்குத்தானுங்க கேவலம்" என்றார் வெள்ளியங்கிரி அண்ணன். கிணத்துக்கடவிலிருந்து தேங்காய் லோடு ஓட்டுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"குளத்துப் பட்டாளம்னு வெக்கலாமுங்க" என்றேன். "உக்கடம் பெரியகுளத்துக் கரையிலதான நம்ம டீமு பொறந்துது."

ரைஹான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமா?"

"நானுந்தான்."

"ஏன்?"

அவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வராதா என்றுதான் இத்தனை நாளும் தவித்துக் கிடந்தேன். வீட்டில் கேட்காத மனுஷன் ஊர் நடுவில் கேட்டுவிட்டார். ஆனால் அத்தனை பேர் எதிரே மகளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"உங்களுக்கே தெரியுமுங்க."

"எனக்கு ஒண்ணுந் தெரியாது." எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் பேரு நா வெச்சது. அதுல ஒரு தப்பும் இல்ல. எதுக்கு மாத்தோணும்? எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல!"

அவர் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. மதிவதனி கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாமுவேல் அண்ணன்தான் தொண்டையைக் கனைத்தார். "சரி, வழக்கம்போல சத்தம் பாத்துரலாமுங்க."

எங்கள் வழக்கம் அது. முன்பு கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தோம். ஒருவனே இரண்டு கையையும் தூக்குகிறான் என்று அடிதடி வரை போனது. அதனால் இப்போது சத்தம்தான் ஓட்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு தரம் கத்த வேண்டும். எது பெரிய சத்தமோ அதுதான் முடிவு. முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக வெள்ளியங்கிரி அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பார்.

அன்றும் போய் நின்றார். அவர் காலடியில் ரிஃபானா உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். சோடா மூடிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு மண் நிரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் எங்கள் பக்கம். நானும் மதிவதனியும் இன்னும் கொஞ்சம் பேரும். "குளத்துப் பட்டாளம்!" என்று கத்தினேன். எனக்கு அது பெயராகவே தெரியவில்லை. டாக்டரம்மாவின் முன்னால் ரைஹான் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு 'சரி'யைத்தான் நான் கத்தினேன். இருந்த உயிரெல்லாம் அதில் போயிற்று.

பிறகு அவர்கள் பக்கம். ரைஹான் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குச்சி இறங்கியது. அத்தனை ஆண்பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு, "எங்களுக்குக் கேக்காது!" என்று அலறினார்கள்.

மதில் மேலிருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பின. கோல் போஸ்ட் ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சத்தம் வரும் என்று தெரிந்தே நின்ற வெள்ளியங்கிரி அண்ணனுக்கே தோள் தூக்கிப் போட்டது.

ரிஃபானா ஒரு மூடியில் மண்ணை நிரப்பினாள். விரலால் தட்டிச் சமமாக்கினாள். அடுத்த மூடியை எடுத்தாள்.

ரைஹான் அதைப் பார்த்துவிட்டார். இத்தனை நாளும் அவள் முகத்துக்கு எதிரேதான் குச்சியை ஓங்கியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஓங்கினது இதுதான் முதல் தடவை. மறுபடியும் அடித்தார். மறுபடியும். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். சாமுவேல் அண்ணன் காதிலிருந்து கையை எடுத்தவர் அப்படியே வாயில் வைத்துக்கொண்டார். ரைஹான் மட்டும் தனியாக அடித்தார்.

"ரிஃபா!" என்று கத்தினார். "ரிஃபாக் கண்ணு! அத்தா கூப்புடறேன் பாரு! திரும்புடா தங்கம்! ஒரே ஒருக்கா திரும்புடா!"

நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று நின்றேன். கல்நெஞ்சுக்காரி என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அவர் குரல் கரகரத்து, கீறி, கடைசியில் நின்றேபோனது.

சத்தத்தை எடைபோடுவதிலேயே குறியாக இருந்த வெள்ளியங்கிரி அண்ணனுக்கு அந்தக் கூப்பாடு எதற்கென்று பிடிபடவில்லை. "போதுமுங்க ரைஹான், உங்க பக்கந்தானுங்க சத்தம். பேரு மாறாதுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டார். ஜெயித்த பக்கத்தில் ஒருத்தரும் கை தட்டவில்லை.

ரைஹான் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து அவள் முன்னால் மண்டி போட்டார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அத்தாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. மண் ஒட்டின இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கித் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வாயைப் பெரிதாகத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கேலரியில் அத்தா செய்வதைப் பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது அது. அவருக்கு அவள் சொல்லத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

அவர் அந்தச் சின்னக் கைகளைக் காதிலிருந்து எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். தொண்டை போயிருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"எப்பப் போகோணும், சமீ?"

"நாளைக்குக் காலையில போலாங்க" என்றேன். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம. டாக்டரம்மா இருக்கமாட்டாங்க."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "இன்னைக்கே" என்றது உதடு. "இன்னைக்கே, சமீ."

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி நிற்கும் பக்கம் ஓட ஆரம்பித்தார். அவர் தோளுக்கு மேலே ரிஃபானா எங்கள் எல்லோரையும் பார்த்து மறுபடியும் காதைப் பொத்திக் காட்டினாள். செருப்பைத் தேட நேரமில்லாமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.