அன்புடன், குமாரி அக்கா

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கல்பாக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கோமளம் சொன்னது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆரம்பித்தாள். சதுரங்கப்பட்டினத்தில் இறங்கும்போது முடித்தாள்.

எப்படித் தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை. 'கோமளம் நல்லவள்தான், ஆனாலும்' என்று எழுதினேன். அப்புறம் 'பொறாமை என்பது ஒரு' என்று எழுதி, ஒரு என்ன என்று தெரியாமல் நிறுத்தினேன். இரண்டும் அப்படியே கிடக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

2006. செங்கல்பட்டில் விஜயகுமாரி தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளித் தோழி கோமளத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பாடத்தை மெயிலில் அனுப்பலாம் என்பது கோமளத்தின் யோசனை. சிங்கப்பூரிலும் துபாயிலும் ஜாக்கெட் தைத்துத் தர ஆளில்லாமல் எத்தனையோ பெண்கள் தவித்தார்கள். அவர்களைப் பிடிக்க வாரம் ஓர் இலவசக் கடிதம் போகும். படித்துப் பிடித்தவர்கள் பணம் கட்டிப் பாடத்தில் சேரலாம். கடிதத்தைக் கோமளம் எழுதுவாள். அடியில் 'அன்புடன், குமாரி அக்கா' என்று போடுவாள்.

'தையல் கற்க அரிய வாய்ப்பு' என்று எழுதிய கடிதங்களை ஒருவரும் சீண்டவில்லை. ஒரு நாள் கோமளம் வெறுத்துப்போய்த் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள்:

'கல்யாண வீட்டில் அம்மா யாரையும் கைதூக்கி ஆசீர்வதிக்கவில்லை. அக்குளில் கிழிசல்.'

(இந்த இரண்டு வரிக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றும் எழுதியதில்லை. பஸ்ஸில் கேட்டபோதே வயிறு எரிந்தது.)

அந்தக் கடிதம் அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து நாத்தனாருக்கு என்று கடல் தாண்டிச் சுற்றியது. வகுப்பு நிரம்பியது. 'குமாரி அக்கா, அழுதுட்டேன்' என்று பதில்கள் குவிந்தன. கோமளம் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பாள். விஜயகுமாரி "பாவம்ல" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டுவாள்.

3

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த மாணவிகள் மாமல்லபுரத்தில், ஓர் ஓட்டல் தோட்டத்தில் கூடினார்கள். விஜயகுமாரியைச் சுற்றி மொய்த்தார்கள். கோமளம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாருக்கா?" என்றாள் ஒருத்தி.

"நம்ம ஃப்ரெண்டு. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இவதான் பாத்துக்கறா."

அதைக்கூடக் கோமளம் தாங்கிக்கொண்டாள். அடுத்து, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சாராள் எழுந்து, "அக்கா, உங்க அம்மா கதைய உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

விஜயகுமாரி ஒரு கணம் கோமளத்தைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கல்யாண வீட்டைச் சொன்னாள், கிழிசலைச் சொன்னாள். கோமளம் எழுதாத ஒன்றையும் சொன்னாள்:

"அப்பறம் நான் தொழில் கத்துகினு மொத ஜாக்கெட்டு எங்கம்மாவுக்குத்தான் தச்சேன். அடுத்த கல்யாணத்துல பந்தல் வாசல்ல நின்னுகினு, ரெண்டு கையயும் தூக்கி எல்லாரையும் வா வான்னுச்சு."

சொல்லும்போது நிஜமாகவே அழுதாள். எல்லோரும் அழுதார்கள். கோமளத்துக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. அவளுடைய அம்மா கடைசி வரை கையைத் தூக்காமலேதான் போய்ச் சேர்ந்தாள்.

4

திரும்பும் பஸ்ஸில் விஜயகுமாரி சொன்னாள்: "அந்த ஜாக்கெட்டு விசயத்தயும் அடுத்த லெட்டர்ல போட்டுர்றீ. புது பேட்ச் ரொம்பிடும்."

"அது நடக்கலையேடி."

"நடந்தா இன்னா, நடக்கலன்னா இன்னா? கேக்கறவங்களுக்கு மனசு ஆறுது இல்ல?"

கோமளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேரைப் பிடுங்கியதுகூடப் பெரிதில்லை. அம்மாவுக்குத் தன்னால் தர முடியாத ஒன்றை இவள் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டாளே!

5

கோமளம் இந்த இடத்தில் நிறுத்தியபோது எனக்கு மனசுக்குள் மூன்று முடிவுகள் தோன்றின.

'அந்த அம்மா என்னுடையவள்' என்று கோமளம் எல்லோருக்கும் மெயில் அனுப்புகிறாள். (நாடகம். அடித்துவிட்டேன்.)

வேலையை விட்டுவிடுகிறாள். (நம்ப முடியவில்லை.)

விஜயகுமாரி மன்னிப்புக் கேட்கிறாள். (இதுவரை கேட்ட விஜயகுமாரி இதைச் செய்ய மாட்டாள்.)

"என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"எழுதினேன்" என்றாள் கோமளம். "எழுதறச்சே அம்மா ரெண்டு கையையும் தூக்கினா. அதுக்காகவே இன்னொரு தடவை எழுதினேன். புது வகுப்பு நிரம்பிடுத்து. நன்றி கடுதாசி எல்லாம் அவளுக்குத்தான் வந்தது. இன்னிக்கும் எரியறது."

சதுரங்கப்பட்டினம் வந்துவிட்டது. எழுந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நீங்க கதையெல்லாம் எழுதறவர்னேளே. இதையும் எழுதுவேள். யார் பேர்ல போடுவேள்?"

பதில் சொல்வதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பெயர் வர வேண்டும். பேனா என் கையில்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?

அன்புடன்,