தோதேரின் கணப்பு

ரஃபிலா கணப்பின் வாயைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கங்குகளை இரும்பு வாளியில் வாரிப் போட்டாள். அவளுக்குப் பின்னால், சவப்பெட்டியில், அப்பா தோதேர் படுத்திருந்தார். அடக்கம் முடியும்வரை அந்த அறையில் தீ கூடாது.

“கொஞ்சம் விட்டு வையேன்டி. அவருக்குக் குளிர் ஆகாது” என்றாள் அம்மா.

“அம்மா, அப்பாவுக்கு இனிமே…”

ரஃபிலா கரண்டியைச் செங்கல்லில் உரசி மிச்சக் கங்கையும் வாரினாள்.

பச்சை ஓடு பதித்து, ஆளுயரத்துக்கு நின்ற கணப்பு அது. கல்யாணமான வருஷம் அப்பா தன் கையால் கட்டியது. பனி விழுமுன் கரியைச் சுரண்டி, வெடிப்புகளில் களிமண் பூசுவார். நேற்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். “கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்” என்று அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டியவர்கள் எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை. “இருக்கட்டும், விடுங்க” என்றுவிட்டாள் அம்மா.

மாலையில் இத்தாலியிலிருந்து தம்பி இலியே வந்து சேர்ந்தான். அப்பாவின் கையை முத்தமிட்டு அழுதான். பிறகு சமையலறைக்கு வந்து கேட்டான்.

“நான் வாங்கி அனுப்பின பாய்லர் எங்கக்கா?”

“கொட்டகையில. கோழி அதுமேல உக்காந்து முட்டை போடுது.”

“பிரிக்கவேயில்லையா?”

“‘பொத்தான அமுக்கினா சூடு வருமாம், பொத்தான் சாம்பல் அள்ளுமா’ன்னு கேட்டாரு அப்பா.”

சிரித்துவிட்டு இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அக்கா, அம்மா தனியா விறகு சுமக்க முடியுமா? மறந்து புகைக்கதவச் சீக்கிரம் சாத்திட்டா விஷப்புகையில தூக்கத்துலயே போயிடுவாங்க. நான் ஊருக்குப் போறதுக்குள்ள கணப்ப இடிச்சிட்டு பாய்லர மாட்டிடறேன்.”

“அவருமேல இன்னும் மண்ணுகூடப் போடல. அதுக்குள்ள அவர் கணப்ப இடிக்கணுமாடா உனக்கு?”

“சரி, நீ வந்து தினமும் விறகு போடுவியா?”

ரஃபிலாவின் வீடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மா இருவர் பேச்சையும் கேட்டபடி சோளக்களியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து, பந்தியில் பிளம் சாராயம் சுற்றி வந்தது. செத்தவர் பேரைச் சொல்லி இங்கே எதைத் தானம் கொடுக்கிறோமோ, அது அங்கே அவர் கைக்குப் போய்ச் சேரும். அம்மா அவருடைய கோட்டைக் கொடுத்தாள். கம்பளி, கிண்ணம், கரண்டி எல்லாம் கொடுத்தாள். கடைசியில் எதிர்வீட்டுப் பலாகாவைக் கூப்பிட்டாள். பலாகா வீட்டில் ஒரு துருப்பிடித்த தகர அடுப்புதான்.

“பலாகா, உள்ள இருக்கிற கணப்ப நீ எடுத்துக்கோ. தோதேர் பேர்ல.”

பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யக்கா! கணப்பையா?”

“ஆமா. உடைக்காம ஒவ்வொரு ஓடா கழட்டணும். புகைக்கதவையும் மறக்காம எடுத்துக்க. ராத்திரி அதத் தொட்டுப் பாக்காம அவருக்குத் தூக்கம் வராது.”

பலாகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தோதேரண்ணனுக்குப் போய்ச் சேரட்டும்.”

“அப்ப உனக்கு, அம்மா?” என்றாள் ரஃபிலா.

“எந்தப் பொத்தான அமுக்கணும்னு உன் தம்பி சொல்லித் தரட்டும்.”

இலியே ஓடுகளைக் கழற்றினான். ரஃபிலா ஒவ்வொன்றையும் கந்தலில் சுற்றி வண்டியில் அடுக்கினாள். கணப்பு நின்ற இடத்தில் வெறும் சுவர் மிஞ்சியது.

முதல் பனி விழுந்த வாரம் ரஃபிலா அம்மாவைப் பார்க்க வந்தாள். வீடு கதகதவென்று இருந்தது. எங்கோ மூலையில் பாய்லர் முனகிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று எதிர்வீட்டுப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை மஞ்சளாக, கனத்து, கூரைமேலேயே படிந்து கிடந்தது.

“ஈர விறகப் போட்டிருக்கா” என்று முணுமுணுத்தாள்.

அம்மா கொட்டகைக்குப் போனாள். அப்பா பிளந்து அடுக்கி வைத்திருந்த காய்ந்த விறகில் ஒரு சுமையை மார்போடு அணைத்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் கால் ஊன்றித் தெருவைக் கடந்தாள்.