கடலைக்காடு வரைக்கும்

1973, ஆடி மாதத்துச் சனிக்கிழமை, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி முடித்த நேரம். ராஜமேரி கயிற்றுக் கட்டிலில் கிடாரைக் கிடத்திக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய செய்தித்தாளின் மேல் இரண்டு பிக்கப்புகள், கம்பியின் அதிர்வை மைக்செட்டுக்குக் கடத்தும் சின்னப் பட்டைகள். ஒன்று ஜப்பானில் செய்தது, புதியது, குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. மற்றது ஏதோ பழைய ஜெர்மன் கிடாரிலிருந்து கழற்றியது. பழுப்பு நிறம், ஓரத்தில் கீறல்.

கிடார் அவள் தம்பி ஸ்தனிஸ்லாஸ் கொடுத்தது. பெங்களூரில் ஒரு பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவன், கல்யாணமானதும் விட்டுவிட்டான். சேலத்தில் கான்வென்ட் விடுதியில் இருந்தபோது மாதா கோயில் பாட்டுக்காகக் கிடார் பழகிய அவள் விரல்கள் அப்படியே இருந்தன. அர்ச்சுனனின் கச்சேரிக் குழுவில் சேர்ந்தாள். சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தல் ஒழுகியதில் கிடார் நனைந்தது. கம்பிகளுக்கு அடியில் இருந்த பிக்கப் செத்துவிட்டது. காந்தத்தைச் சுற்றியிருந்த முடி போன்ற செம்புக் கம்பி எங்கோ உள்ளே அறுந்திருந்தது. அந்தக் கிடாரின் சத்தம், நிறைந்த கிணற்றில் குடம் தொடும்போது எழுவதைப் போல உருண்டு வரும். அதே சத்தம் வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். அவன் கடைக்காரரைக் கேட்டு இரண்டையும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நாளைக் காலை பஸ்ஸில் ஒன்று திரும்பிப் போக வேண்டும்.

அர்ச்சுனன் மைக்செட்டும் வைத்திருந்தான். வேம்பில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கரியில் வைத்து ஊதினான்.

"மாதா திருநாளுக்குத் தேர் சுத்தி வந்ததும் கச்சேரிங்க, அக்கா. ஜனம் ரோட்டு வரைக்கும் நிக்கும். போன தடவ கிடார் மூணாவது வரிசையத் தாண்டல. இந்தத் தடவையும் அப்பிடின்னா சேலத்து அக்கார்டியன்காரனத்தான் கூட்டியாரணும். கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்க மாட்டேன். வாசிக்காம வூட்டுல உக்காந்துக்கறேன்," என்றாள்.

அவள் புருஷன் சவுரியப்பன் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஏற்பாடு அவனுடையதுதான். கடலைக்காட்டின் மேற்குக் கோடியில் களை வெட்டிக்கொண்டிருப்பான். கிடார் கேட்டால் துண்டைத் தூக்கிக் காட்டுவான். எது அங்கே கேட்கிறதோ அது இருக்கும்.

"மாமா, காதுல பஞ்சு வெச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க."

"உங்கக்கா பேசறதுக்குன்னு வெச்சது. இன்னிக்கு ஒரு நாளு எடுத்துடறேன்."

"எடுங்க எடுங்க. அப்பறமாச்சும் நான் சொல்றது ஏறுதா பாக்கலாம்," என்றாள் ராஜமேரி.

அவன் கட்டிலைப் பார்த்தான். "மொதல்ல எது?"

"புதுசு."

தலையாட்டிவிட்டு நடந்தான்.

நேற்றுச் சாயங்காலம் இரண்டையும், ஒயரைக் கையால் முறுக்கி ரேடியோப் பெட்டியில் இணைத்து, வீட்டுக்குள் சின்னச் சத்தத்தில் வாசித்துப் பார்த்திருந்தாள். புதியதில் ஒரு பாட்டை மூன்று முறை தொடங்கினாள், மூன்று முறையும் பாதியில் நிறுத்தினாள். ஒவ்வொரு சுரமும் சோப்பு போட்டுக் கழுவியது போல இருந்தது. பழுப்பில் அதே பாட்டு முழுதாக முடிந்தது. முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. சவுரியப்பன் சுவரோரம் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

அர்ச்சுனன் புதியதைப் பற்றவைத்தான். அவள் கம்பிகளை முறுக்கி, சுதி சேர்த்து, வாசித்தாள். குழாய் அதிர்ந்தது. கோழிகள் கொட்டிலுக்குள் ஓடின. காட்டுக் கோடியில் வெள்ளை வேட்டி குனிந்தே இருந்தது. அர்ச்சுனன் சத்தத்தை இன்னும் ஏற்றினான். வேட்டி ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி குனிந்தது.

"என்னக்கா இது? எனக்குக் காது கிழியுது," என்றான் அர்ச்சுனன்.

பிறகு பழுப்பு. ராஜமேரி கம்பிகளை மறுபடி கழற்றி, அர்ச்சுனன் பற்றவைத்ததும் மாட்டி, சுதி சேர்த்தாள். நடுவில் ஒரு தடவை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாசித்ததும் அந்த உருண்ட சத்தம் வந்தது. சிறியதுதான். ஏற்றினால் குழாய் ஊளையிட்டது, அர்ச்சுனன் அவசரமாகக் குறைத்தான்.

காட்டுக் கோடியில் துண்டு எழுந்தது. பாட்டு முடியும் வரை இறங்கவே இல்லை.

அவள் சிரித்துவிட்டாள்.

"அதுல பாதி கூட இல்லீங்களேக்கா இது," என்றான் அர்ச்சுனன். குழாயை அண்ணாந்து பார்த்தான், காட்டைப் பார்த்தான். "மாமாவுக்கே கேக்குதுன்னா நான் என்னத்தச் சொல்ல." புதியதைச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டினான். "குழாயிலதான் ஏதோ கோளாறு. ரெக்கார்டு போட்டுப் பாக்கறேன். நீங்க போயி அவருக்குச் சோத்தக் குடுங்க."

களியும் கடைந்த கீரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அர்ச்சுனன் ரெக்கார்டை முழுச் சத்தத்தில் வைத்தான். கிணறு வரை பாட்டு கூடவே வந்தது. சோளத்தட்டுப் போரைத் தாண்டியதும் பாடுகிறவளின் குரல் போய்விட்டது. கடலைக்காட்டு வரப்பில் மத்தளம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. தான் வாசித்த பாட்டையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நடந்ததால், சத்தம் தேய்வதை அவள் முதலில் கவனிக்கவில்லை.

சவுரியப்பன் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எந்திரிச்சு நின்னு கேட்டேன்," என்றான். "நல்லா இருந்துச்சு, மேரி."

எதிரே வத்தல்மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவள் முந்தானை வீட்டை நோக்கிப் பறந்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் வேம்படியில் அர்ச்சுனன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றான். கடலைச் செடிகள் சரசரத்தன. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் களியை உருட்டிக் கீரையில் தோய்த்தான்.

"ஏங்க," என்றாள் ராஜமேரி, "என்னத்தக் கேட்டு அந்தத் துண்டத் தூக்குனீங்க?"