மூக்கு நிழல்

எங்கள் முதலாளிக்குப் போட்டோ எடுக்கும் ஆசை ஐம்பது வயதுக்கு மேல் வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு மூட்டுவலி வரும். அதனால் கஷ்டப்படுவது அவரவர்தான். இவருக்கு வந்த நோயால் கஷ்டப்பட்டது நாங்கள்.

மரச்சாமான் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால், அவருடையது, உழைப்பு எங்களுடையது. பெரிய கூடத்தை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வீடு மாதிரி அலங்கரித்து வைத்திருப்போம். படுக்கையறையில் கட்டில், அலமாரி, முகம் பார்க்கும் மேசை. கூடத்தில் சோபா, அதற்கெதிரே டிவி. டிவி அட்டையால் செய்தது. சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பழங்கள் பிளாஸ்டிக். அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு, உள்ளே காகிதம் கிடையாது. கட்டில் பிரிவு என் பொறுப்பு. அதனால் கடையில் எல்லோருக்கும் நான் கட்டிலக்கா. மரத்துக்குப் பாலிஷ் போடுபவனுக்குப் பெயரே பாலிஷ். கல்லாவில் முதலாளியம்மா. அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

சுவர் இருக்கிறது, ஜன்னல் திரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதாக அவர் நினைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். போட்டோ பைத்தியம் பிடித்த ஒருவருக்கு வேறென்ன வேண்டும்?

நல்ல சினிமாவிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திவைத்து, அதை அப்படியே மறுபடி உருவாக்கிப் படம் எடுத்தால் போட்டோத் தொழில் தானாகக் கைவரும் என்று ஏதோ வீடியோவில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறான். கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். நடிகையின் மூக்கு நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் இடப்பக்கம் விழுந்தால் விளக்கு வலப்பக்கம். நிழல் நீண்டு மேலுதட்டைத் தொட்டால் விளக்கு உயரத்தில் இருக்கிறது. இருட்டான கன்னத்துக்குக் கொஞ்சம் உயிர் வேண்டுமென்றால், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். இதையெல்லாம் அவர் மணிக்கணக்காக விளக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். வாடிக்கையாளரிடம் கட்டிலைப் பற்றிப் பேசும்போதே அவர் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

முதல் காட்சியே என் தலையில்தான் விழுந்தது. காதலன் வரமாட்டான் என்று தெரிந்தபின் கதாநாயகி ஜன்னலோரம் நிற்கிறாள். மடிக்கணினியில் படத்தை நிறுத்திவைத்து, திரை, விளக்கு, பூச்சாடி எல்லாவற்றையும் அச்சு அசலாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணு பாதி மூடியிருக்கணும். வாய் லேசா ஒரு பக்கமா இழுத்துக்கணும். இங்க பாரு, அப்படியே வேணும்."

நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

"முதலாளி, அந்தம்மா கண்ணைச் சிமிட்டுற நேரத்துல நிறுத்தியிருக்கீங்க. கொஞ்சம் முன்னால தள்ளிப் பாருங்க, நல்லா இருப்பாங்க."

"அது நடிப்பும்மா. உனக்குப் புரியாது. சோகத்தோட உச்சம் அது."

சோகத்தின் உச்சத்தில் நான் காலை முழுவதும் நின்றேன். கண் பாதி மூடி, வாய் கோணி, தூக்கத்தில் கொட்டாவி விட்டவள் போல. பாலிஷ் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் முகத்தை மறைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் அப்படித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் கையிலிருக்கும் வார்னிஷ் டப்பா தரையில்தான்.

அந்தப் படத்தைக் கல்லாவில் கொண்டுபோய்க் காட்டினார். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏன், கட்டிலக்காவுக்குப் பல்வலியா?" என்று கேட்டார். ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்தது மரணக் காட்சி. கடையிலேயே விலை உயர்ந்த தேக்குக் கட்டிலில் பாலிஷைப் படுக்கவைத்து, நெஞ்சில் கையைக் கட்டி, கழுத்துவரை போர்வை போர்த்தினார். காலடியில் உட்கார்ந்து அழ வேண்டியது நான். ஜன்னல் வெளிச்சம் மாதிரி பக்கவாட்டில் வர வேண்டும் என்பதால் முன்கதவைத் திறந்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம், அதே கட்டிலை ஏற்கெனவே இரண்டு தடவை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். வாசலிலேயே அப்படியே நின்றார்கள். அந்த அம்மாள் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் எழுந்து ஓடினேன். "அம்மா, ஒண்ணுமில்லம்மா, சும்மா போட்டோக்கு. பாலிஷ், எழுந்திருடா!"

பிணம் எழுந்து உட்கார்ந்து, "வாங்க வாங்க" என்றது.

அவர்கள் அதன்பின் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. மனுஷன் செத்துக் கிடந்த கட்டிலில் மகளைப் படுக்கவைக்க யாருக்கு மனசு வரும்? முதலாளிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பிணத்தின் மூக்கு நிழல் சரியாக விழுந்திருக்கிறதாம், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்தது. காலையில் கடை திறக்க நேரமாகும், உள்ளே 'காட்சி' ஓடும். வந்தவர்கள் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது முதலாளியம்மா எங்கள் காதுபடவே அவரிடம் சொன்னார்: "இந்த வியாபாரத்துக்கு ரெண்டு ஆள் எதுக்கு? ஒருத்தரை அனுப்பிடலாம்." என் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து படுத்து வருஷங்களாகிறது. மகள் இன்னும் படிக்கிறாள். பாலிஷுக்குக் கைக்குழந்தை. ஒருவர் போக வேண்டும் என்றால் யார் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதலாளி கூப்பிட்டால் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடினோம். செத்துப்போ என்றால் சாவோம், அழு என்றால் அழுவோம். நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அப்போதுதான் போட்டோ சங்கத்தின் போட்டி வந்தது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த காட்சி, ஒரு தொழிலாளி வேலை போன செய்தியைக் கேட்கும் காட்சி. ஊரில் எத்தனையோ சினிமாவில் எத்தனையோ காட்சி இருக்க, இந்த மனுஷருக்கு அதுதான் கண்ணில் பட்டது.

பாலிஷை நாற்காலியில் உட்காரவைத்தார். விளக்கு, தெர்மாகோல் எல்லாம் தயார். தெர்மாகோல் என் கையில்.

"உனக்கு வேலை போயிடுச்சு. அதை இப்பதான் கேட்கிற. முகத்துல காட்டு."

பாலிஷ் முகத்தைத் தொங்கப்போட்டான். ஒரு நொடிதான். என்னைப் பார்த்தான், சிரிப்பு பீறிட்டது. மறுபடி. மறுபடியும் சிரிப்பு. முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேமராவை விட்டு நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்தி, "சரி விடுப்பா. எப்படியும் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன். வியாபாரம் சரியில்ல," என்றார்.

பாலிஷின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான், வார்னிஷ் கறை படிந்த கைகள். கீழுதடு நடுங்கியது. "குழந்தை..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினான்.

கிளிக். கிளிக். கிளிக்.

"வந்துடுச்சு!" என்று முதலாளி துள்ளினார். "சும்மா சொன்னேன்பா! போய் வேலையைப் பாரு. இதுக்குப் பேருதான் டைரக்‌ஷன்."

என் கையிலிருந்த தெர்மாகோலை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். "கை தவறிடுச்சு முதலாளி," என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒருவரை அனுப்பலாம் என்ற பேச்சு இன்னும் காதிலேயே இருந்தது.

படத்துக்கு இரண்டாம் பரிசு. 'அசலான உணர்ச்சி' என்று நடுவர்கள் பாராட்டினார்களாம். அசல்தான், சந்தேகமென்ன. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே பாலிஷைப் பார்த்து, "இது நீங்கதானே? என்னமா நடிச்சிருக்கீங்க!" என்பார்கள். அவன் தலையாட்டுவான். பிறகு பின்வாசல் வழியாக வேலைக்கு வரத் தொடங்கினான். தேக்குக்குப் பூச வேண்டிய நிறத்தை வேறெதற்கோ பூசிவிட்டு நின்றபோதுகூட அவன் சிரிக்கவில்லை. முன்பென்றால் அதற்கே அரைநாள் சிரித்திருப்பான்.

பரிசு வாங்கியதும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இனி முதல் பரிசுதான் என்றார். என்ன காட்சி என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாலை, கடையில் ஆளில்லாத நேரம், என்னைச் சாப்பாட்டு மேசைப் பிரிவுக்குக் கூப்பிட்டார். "ஒரு விஷயம் பேசணும், உட்காரும்மா." எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். உட்கார்ந்தவுடன் கண் கூசியது. வலப்பக்கம் உயரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. இடப்பக்கம் பாலிஷ் புதுத் தெர்மாகோலோடு நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. எதிரே பிளாஸ்டிக் பூச்சாடி. பூக்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம். கேமராவை ஒளித்துவைத்திருக்கிறாராம்! நான் என்ன பச்சைக் குழந்தையா?

"வியாபாரம் நிலைமை உனக்கே தெரியும்," என்று தொடங்கினார். குரல் அதே தாழ்ந்த குரல். "உன்னை மாதிரி ஒரு ஆளை விடுறதுக்கு எனக்கு மனசே இல்ல. இருந்தாலும் நாளையிலிருந்து..."

அவர் கை மேசைக்கடியில் கேமராவின் பொத்தானைத் தேடியது எனக்குத் தெரிந்தது. சரி, வா என்று நினைத்துக்கொண்டேன். கண்களைப் பாதி மூடினேன். வாயை ஒரு பக்கமாக இழுத்தேன். ஜன்னலோரத்துச் சோகத்தின் உச்சத்தை அப்படியே கொண்டுவந்து அவர்முன் வைத்தேன்.

கிளிக். கிளிக். அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? ஒழுங்கா இரு. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு முதலாளி. வேலை போயிடுச்சு," என்றேன், வாயைக் கோணியபடியே. தெர்மாகோல் லேசாக ஆடியது. பாலிஷ் சிரிக்கிறான் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அய்யோ, கண்ணைத் திற. ஒரே ஒரு நிமிஷம் நிஜமா வருத்தப்படேன்."

"நிஜமா வருத்தப்படணும்னா நிஜமா நடக்கணும் முதலாளி."

"நிஜம்தாம்மா!" அவருக்குப் பொறுமை போய்விட்டது. "பாலிஷ்கிட்ட சொன்னது பொய். இது நிஜம். கட்டில் பிரிவை இனி வீட்டம்மாவே பார்த்துக்குவா. நேத்தே முடிவு பண்ணியாச்சு. எப்படியும் சொல்லத்தான் போறோம், அதோட ஒரு படமும் எடுத்துட்டா நல்லா வரும்னு நினைச்சேன்."

நான் பாலிஷைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவன் மெதுவாகக் குனிந்து தெர்மாகோலைத் தரையில் வைத்தான். என் முகத்தின் ஒரு பாதி இருட்டுக்குள் போனது.

"டேய், அதைத் தூக்குடா! இப்பதான்டா வருது!" என்று முதலாளி கத்தினார்.

அவன் தூக்கவில்லை. எனக்கு மகளின் முகம் கண்முன் வந்தது, படுத்திருக்கும் வீட்டுக்காரர் முகம் வந்தது. என் நிஜ முகமும் வெளியே வரப்பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்களை மறுபடி பாதி மூடி, வாயைக் கோணி, அந்தப் பூச்சாடிக்குள்ளேயே பார்த்தேன். அவர் அழுத்தி அழுத்தி எடுத்தார். எல்லாவற்றிலும் பல்வலிக்காரிதான் விழுந்திருப்பாள்.

"ஒண்ணுகூட உருப்படியா வரலையே," என்று தலையில் கைவைத்தார்.

எழுந்தேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். "முதலாளி, இத்தனை வருஷம் கட்டில் வித்துக் கொடுத்தேன். முகத்தையும் கொடுக்கணும்னு வேலைக்குச் சேரும்போது நீங்க சொல்லல," என்றேன். கல்லாவில் முதலாளியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. வாசலில் பாலிஷின் பெரிய முகத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

பின்னாலேயே முதலாளி கேமராவோடு ஓடிவந்தாலும் வருவார், சொல்ல முடியாது. அதனால் நிமிர்ந்து நடந்தேன். எதிர்க்கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, தெருமுனை திரும்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பூட்டிய ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்துகொண்டு அழுதேன், வாய் விட்டு அழுதேன்.

சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை, வலப்பக்கம் உயரத்திலிருந்து வந்தது. இடப்பக்கம் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், எந்தத் தெர்மாகோலும் தோற்றுப்போகும். மூக்கு நிழல் மிகச் சரியாக மேலுதட்டில் விழுந்திருக்கும். எடுத்திருந்தால் முதல் பரிசுதான்.