பூச்சியத்துக்கு வராத முள்

1998 ஜூன் மழையில் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கை இடித்துக்கொண்டிருந்தபோது, பரணிலிருந்து அந்தப் பெட்டி என் காலருகே விழுந்தது. கறுப்பு, செங்கல் கனம். பக்கவாட்டில் மடக்கும் கைப்பிடி. கண்ணாடிக்குள் ஒரு முள். மூடியில் அம்புக்குறி, அதன் கீழே 1943.

கரண்ட் சாமான் என்று தோன்றியதால்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். என் மனைவி மகா, சிவராமகிருஷ்ணன் சாமியின் ஓட்டலில் மாவாட்டுகிறாள். ஒரு வாரமாக கிரைண்டர் ஷாக்கடித்து அவள் கையை இழுத்தது. "ஈரக்கையோட தொட்டா அப்படித்தான். பயமா இருந்தா வேற ஆளு பாத்துக்கறேன்" என்றார் சாமி. மலையாளி வயர்மேன் பிஜு தன் மஞ்சள் மீட்டரை வைத்துப் பார்த்து, குழப்பமில்லை, பழுதெதுவும் இல்லை என்று சொல்லிவிட்டான். மகா ஷாக்கடிக்காமலிருக்க மரப்பலகை மேல் நின்று ஆட்டினாள்.

பெட்டியை பிஜுவிடம் காட்டினேன்.

"பாண்டியண்ணா, இது பட்டாளத்துச் சாதனமாக்கும். இந்த அம்பு நேவி ஏலத்துல கண்டிட்டுண்டு." சாய்த்துப் பார்த்தான். முள் சாய்த்த பக்கம் போய் அங்கேயே நின்றது. "பூச்சியத்துக்கு வரல்லே. ஸ்பிரிங் போயி. பேட்டரி வைக்க இடமும் இல்ல. செத்துப் போச்சு."

"செத்ததுக்கு எதுக்குடா கைப்பிடி? சுத்து பாப்போம்."

அவன் சுற்றினான். பெட்டியில் வயர் மாட்டுவதற்கென்று நீட்டிக்கொண்டிருந்த இரண்டு திருகாணிகளையும் நான் பிடித்திருந்தேன். தோள்வரை வெட்டி இழுத்து என்னைச் சுவரோடு சாய்த்தது.

பிஜு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான். ஈரக் கைலியால் மூடியைத் தேய்த்தான். அழுக்குக்கு அடியில் 500 வோல்ட் என்றிருந்தது.

"சுத்தறப்போ இதுவே கரண்ட் உண்டாக்கும். என்றெ மீட்டர்ல ஒன்பது வோல்ட் பேட்டரிதான், அண்ணா. அதுல கசிவு தெரியாது."

இரண்டு வயர் மாட்டினோம். வயர்களை விலக்கிச் சுற்றினால் முள் ஒரு கோடியில் படுத்துக்கிடந்த எட்டுக்குப் போனது. முட்டவைத்துச் சுற்றினால் மறுகோடிப் பூச்சியத்துக்கு. சுற்றுவதை நிறுத்தினால் போன இடத்திலேயே கிடந்தது. இதற்கு ஸ்பிரிங்கே கிடையாது. பழுதென்று நினைத்தது அதன் இயல்பு.

"படுத்த எட்டுன்னா கரண்டு கசியலைன்னு அர்த்தமா?"

"அதே. பூச்சியம்னா மொத்தமும் கசியுது."

அப்படியே ஓட்டலுக்குப் போனோம். பிளக்கைப் பிடுங்கி, ஒரு வயரை மோட்டார் கம்பியிலும் மற்றதை கிரைண்டரின் உடம்பிலும் வைத்தோம். முதலில் மஞ்சள் மீட்டர்: அன்று போலவே குழப்பமில்லை என்றது. பிறகு பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினேன். முள் நேராகப் பூச்சியத்தில் போய் முட்டியது.

பிஜு பலகை மேல் நின்ற மகாவின் பக்கம் திரும்பினான். "சேச்சி, மாப்பு. நான் சொன்னது தப்பு."

சாமி எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் போட்டுட்டுப் போன ஓட்டப் பெட்டி. இத நம்பி மோட்டார மாத்தணுமாக்கும்?"

மகா பலகையிலிருந்து இறங்கினாள். வாளித் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினாள்.

"நம்ப வேணாம் சாமி. செருப்பக் கழட்டிட்டு, கைய நல்லா நனைச்சுட்டு, நீங்க ஒரு வாட்டி ஆட்டிக் காமிங்க. நாளையிலருந்து நான் ஆட்டுறேன்."

சாமி வாளியைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். அது பூச்சியத்திலேயே கிடந்தது. நனையாத கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பிஜு, மோட்டாரக் கழட்டு" என்றார். "வாசல் போர்டுல நாளைக்கு இட்லி இல்லைன்னு எழுதிடு."