ஈஸ்டர் மதியம் சதுக்கம் காலியாக இருந்தது

பெத்ரோவ்ரிசி என்ற மலை ஊரில் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும், மறுநாள் காலையிலிருந்து ஊர்ச் சதுக்கத்தில் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போயிற்று. வீட்டில், தோட்டத்தில், தேவாலயத்தில் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சதுக்கத்தில் கால் வைத்ததும் வெறும் நாற்காலிகள்தான் தெரிந்தன. முதல் வாரத்தில் இரண்டு மூக்குகள் உடைந்தன, பாதிரியாரின் மடியில் சுடச்சுடக் காப்பி கவிழ்ந்தது. அந்த வருடம் வால்நட் விளைச்சலும் சுமார்தான்.

வாக்குமூலம் இதுதான்: ‘ஈஸ்டர் ஞாயிறு மதியம் சதுக்கம் காலியாக இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.’ எழுதிக்கொண்டு வந்தவர் போலீஸ் சார்ஜென்ட், எழுதச் சொன்னவர் மர ஆலை முதலாளி கரவிதாஸ். அந்த மதியம் கணப்பின் மேல் முழு ஆடுகள் சுழன்றுகொண்டிருக்க, ஊரே சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, யாருடையது உடையாமல் தப்புகிறது என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவில்தான் கரவிதாஸ் வேட்டைத் துப்பாக்கியால் ஸ்தாத்திஸைச் சுட்டார். அரசாங்கக் காட்டில் அவர் திருட்டு மரம் வெட்டுவதை ஸ்தாத்திஸ் வெளியே சொல்லிவிட்டான். மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் ஒரு முழு ஈஸ்டரையே மறைத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஆலையில்தான் வேலை. பயந்தார்கள், போட்டார்கள். ஊருக்கு முன்மாதிரியாகக் கரவிதாஸும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

ஸ்தாத்திஸின் மனைவி அசிமினா மட்டும் பேனாவைத் தொடவில்லை. ஆகவே சதுக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஊரில் பெண்கள் காப்பிக் கடையில் உட்காரும் வழக்கமில்லை. அவள் தினமும் வந்து, புருஷன் விழுந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பொம்பளை இங்க வந்து உக்காரலாமா, அசிமினா?” என்றார் கடைக்காரர் பாண்டேலிஸ்.

“உங்க கண்ணுக்கு வேற யாராவது தெரியுறாங்களா அண்ணே? தெரியுற ஆளுக்குக் காப்பி போடுங்க. சர்க்கரை வேணாம்.”

போட்டார். அவள் அழுததெல்லாம் வீட்டோடு சரி, சதுக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கரவிதாஸுக்கு அங்கே வணக்கம் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணில் பட்டது அவள்தான். மெல்ல மெல்ல அவர் சதுக்கத்துக்கு வருவதையே விட்டார். மற்றவர்கள் இருமிக்கொண்டே நடக்கப் பழகினார்கள். ஈஸ்டர் வந்தால் முட்டையை நீட்டிக்கொண்டு காற்றில் துழாவினார்கள். இப்படி ஆறு வருடம் ஓடிற்று. அவள் ஓயாமல் போட்ட மனுக்களில் ஒன்று புதிதாக வந்த அரசு வக்கீலின் கையில் சிக்க, வழக்கு கோர்ட்டுக்கு வந்தது.

“ஊரே ஒண்ணும் பாக்கலைங்குது. இந்தம்மா ஒருத்திக்குத்தான் கண்ணு இருக்கா?” என்று கேட்டார் கரவிதாஸின் வக்கீல்.

“ஆமா, இருக்கு. அதத்தானே நானும் சொல்றேன்” என்றாள் அசிமினா.

நீதிபதியும் மலைக்காரர்தான். ஈஸ்டர் மதியம், சதுக்கம் காலி என்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு இடத்தை நேரில் பார்க்க அடுத்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கே நாள் குறித்தார். அன்றும் ஊர் வாயைத் திறக்காவிட்டால் கரவிதாஸ் விடுதலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியம் நீதிபதி மரத்தடியில் நின்று பார்த்தார். சதுக்கம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு சிவப்பு முட்டை, ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு. அசிமினா எழுந்து, கையில் ஒரு சிவப்பு முட்டையோடு நேராகப் பாண்டேலிஸிடம் போனாள்.

“இது ஸ்தாத்திஸோட முட்டைண்ணே. அன்னைக்கு உங்களோடதான் மோத வந்தாரு. மோதுங்க. இல்ல, அவரு வரவே இல்லன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

பாண்டேலிஸ் தன் முட்டையை அதன்மேல் மோதினார். “வந்தான். என் கடை வாசல்லதான் விழுந்தான். சுட்டது கரவிதாஸ். நான் பாத்தேன்” என்றார். சொல்லி முடித்ததும் அவர் எதிரே அவருடைய தம்பி நின்றான்.

“இத்தனை வருஷமா என் காலை மிதிச்சது நீதானாடா?”

தம்பி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “நானும் பாத்தேன்” என்றான். பிறகு பாதிரியார் சொன்னார். அதன் பிறகு குமாஸ்தாவால் எழுதி மாளவில்லை.

கரவிதாஸ் சிறைக்குப் போனார், டாக்டரும் சார்ஜென்ட்டும் பின்னாலேயே போனார்கள். ஊரில் நான்கு பேர் மட்டும் சதுக்கம் காலிதான் என்று இன்றுவரை சாதிக்கிறார்கள். அவர்கள் இருமல் கேட்டால் மற்றவர்கள் வழிவிடுகிறார்கள். ஈஸ்டர் தோறும் அந்த நால்வரும் ஆளில்லாத சதுக்கத்தில் முட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆள், அசிமினா, வந்து ஓங்கி ஒரு போடு போட்டு நான்கையும் உடைத்துவிட்டு, தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் காப்பி குடிப்பாள்.